காரல் டிரைஸ் என்னும் வனாதிகாரி

நம் கல்லூரி மாணவருள் இருசக்கர வண்டி ஏறிப் பழகாதார் மிகச் சிலரே. விடுமுறை நாட்களில் காட்டுப்பாதை வழியே மலையேறி, மறுபுறத்துப் பள்ளத்தாக்கிலே காற்றெனப் பாய்ந்திறங்குதலைப் பெரியதோர் இன்பமாகக் கருதுவாரும் அவர்களுள் உளர். ஏறுங்கால் வண்டியைத் தள்ளிச் செல்லும் வருத்தமும், இறங்குங்கால் தடையைப் பற்றிய கையின் நடுக்கமும் அவர்களுக்குப் புதியன அல்ல. சரித்திரத்தில் குறிக்கப்பட்ட அளவில் இவ்விரண்டையும் முதன்முதல் நுகர்ந்த மனிதர் இன்னாரென்பதைத்தான் பலரும் அறியார். ஜெர்மனி தேசத்தைச் சேர்ந்த பாடன் நாட்டு வனாதிகாரி காரல் டிரைஸ் என்பாரே அவர். அவர் வாழ்வு புகழில் தொடங்கி வறுமையில் முடிந்தது. இறந்த பின்னரும் நெடுங்காலம் அவர் பெயர் இகழ்ச்சிக்கு இலக்காயிருந்தது. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சிறிது விரித்தெழுதத் துணிந்தோம்.

டிரைஸ் 1785-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் தேதி கார்ல்ஸ்ரூஹ நகரில் பிறந்தார். தந்தையார் சட்டநூல் வல்லுநர். பிரபுப் பட்டம் உடையவர். பிற்காலத்தில் பாடன் நாட்டின் உயர் நியாயாதிபதியாக விளங்கியவர். நாட்டை ஆண்ட கார்ல் பிரீட்ரிக் என்னும் அரசரே குழந்தைக்கு ஞானத்தந்தையானார். சிறிய தந்தையார் ஒருவர் வனவியற் கல்விச்சாலை யொன்றை நடத்தி வந்தார். அதிற் பயின்ற டிரைஸ், 1803 முதல் 1805 வரை ஹைடெல்பெர்க் சர்வகலாசாலையில் கணிதம், பௌதிகம், கட்டட நூல் முதலியவற்றையும் கற்றனர். பின்னர், கின்ஸிக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கெங்கன்பாக் என்னுமூரில் 1810-இல் வனாதிகாரி உத்தியோகம் பெற்றார். கருங்காடு எனப் பெயர்கொண்ட மலைநாட்டின் ஒரு வாயில் அவ்வூர். தேவதாரு இனத்து மரங்கள் செறிந்து பகலிலும் நிழல் படர்ந்த குன்றுகள் ஒருபுறமும், அவற்றினிடையே விரைந்தோடும் ஆறுகள் ஒருபுறமுமாக அமைந்த நாடு அது.

ஆயினும், அவர் மனம் மரங்களைக் காட்டிலும் பொறிகளையே பெரிதும் நாடிற்று. 1811-இல் சம்பளம் குறையாமலே வேலையினின்று விலகியிருக்க உத்தரவு பெற்று, மன்ஹைம் நகரிற் குடியேறிப் புதுப்பொறிகள் இயற்றுவதில் ஈடுபட்டார். தம் ஆளுகைக்குட்பட்ட காடுகளைச் சுற்றிப் பார்ப்பதற்காகவே அவர் இருசக்கர வண்டியைக் கண்டுபிடித்தார் எனப் பல நூல்கள் கூறுகின்றன. கேட்பதற்கு இனிய கதையாயினும் இது பொருந்தாது. அவ்வண்டி பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் காட்டைப் பிரிந்துவிட்டாரன்றோ?

முதலில் அவர் இயற்றியது நான்கு சக்கரமுடைய வண்டி. குதிரையின்றி, உள்ளே இருப்பவர் காலால் மிதித்துச் செலுத்தும் அவ்வண்டியை 1813-இல் ருஷ்ய சக்கரவர்த்தி அலெக்ஸாந்தருக்குக் காட்டினார். வியன்னா நகரத்து அரசர் மகாநாட்டிற்கும் கொண்டு சென்றார். ஒருவரும் வாங்க முன்வரவில்லை.

இஃது இவ்வாறிருக்க, 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கீழ்க்கடலின்கண் உள்ள சும்பாவாத் தீவிலே தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் நுண்துகள் வானத்திற் பரந்து வெயிலை மறைத்தமையால், 1816-இல் ஐரோப்பாவிற் கோடையே தோன்றவில்லை. விளைவு பொய்த்தது, ஓட்ஸ் என்னும் குதிரைத் தீனியின் விலை ஏறிற்று, தீனியின்றிக் குதிரைகள் மாண்டன. குதிரையை நம்பாத வாகனம் வேண்டுமென்ற எண்ணம் இக்காலத்தில்தான் டிரைஸின் உள்ளத்தில் உரம்பெற்றிருக்க வேண்டுமென, அவர் வரலாற்றை நுணுகி ஆராய்ந்த ஹான்ஸ் எர்ஹார்ட் லெஸ்ஸிங் என்பார் கருதினர். அதற்கு நேரான சான்றில்லை என மறுப்பாரும் உளர். காலம் பொருந்துகிறது என்பதளவில் நாம் அமைகின்றோம்.

1817-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி மன்ஹைம் நகரத்தார் ஒரு புதுமையைக் கண்டனர். முன்னும் பின்னுமாக இரண்டே சக்கரங்கள். அவற்றை இணைக்கும் மரச்சட்டம். சட்டத்தின்மேல் ஓர் இருக்கை. அதில் அமர்ந்து, இரு கால்களாலும் மாறிமாறி நிலத்தை உதைத்துக்கொண்டு டிரைஸ் புறப்பட்டார். ஷ்வெட்ஸிங்கன் அரண்மனைக்குச் செல்லும் பாதையே அந்நாட்டுச் சாலைகளுட் சிறந்தது. அதன்வழியே சென்று, இடையிலுள்ள அஞ்சற் குதிரை மாற்றும் விடுதியை யடைந்து, ஒரு மணி நேரத்திற்குள் திரும்பி வந்தார். போகவும் வரவும் 13 கிலோமீட்டருக்குக் குறையாது.

அப்பொறியின் அமைப்பு சிறிது கருதத்தக்கது. ஏறக்குறைய 22 கிலோகிராம் நிறையுள்ள அது பெரும்பாலும் மரத்தாலானது. அச்சு உராயும் இடங்களிற் பித்தளைக் குழல் பொருத்தப்பட்டிருந்தது. முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கோல். முழங்கைகளைத் தாங்க ஒரு பலகை. பின்சக்கரத்தை அழுத்தி நிறுத்தக் கயிற்றால் இயங்கும் ஒரு தடை. மிதியுமில்லை, சங்கிலியுமில்லை. ஆயினும் வண்டியின் உயிர் அவற்றில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நின்ற இரு சக்கரங்கள் நிலையாய் நிற்குங்கால் வீழ்வன. ஓடுங்கால், எப்பக்கம் சாய்கின்றனவோ அப்பக்கமே முன்சக்கரத்தைத் திருப்பின் வீழாது நிமிர்வன. பனிக்கட்டியின்மேல் சறுக்கி ஆடுவோர் உடலை ஒருபுறம் சாய்த்தே நிலைபெறுவதைக் கண்டவர் டிரைஸ். அந்நுட்பத்தைச் சக்கரத்திற்கு ஏற்றியதே அவர் செய்த பெருங்காரியம். மற்றவையெல்லாம் பின்வந்தோர் சேர்த்த அணிகள் என்றே சொல்வோம்.

சமநிலத்தில் ஓடியது ஒருபுறமிருக்க, மலையில் அஃது என் செய்யும் என்ற ஐயம் பலருக்கு இருந்தது. அவ்வாண்டு ஜூலை மாதம் 28-ஆம் தேதி அதற்கும் விடை கிடைத்தது. முர்க் ஆற்றங்கரையில் உள்ள கெர்ன்ஸ்பாக் என்னும் சிற்றூரிலிருந்து, ஊஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலமைந்த பாடன் நகர்க்குச் செல்ல வேண்டுமாயின் இடையே காடடர்ந்த மலையொன்றைக் கடக்க வேண்டும். செங்குத்தான அப்பாதை நடப்போர்க்கு இரண்டு மணி நேர வழி. டிரைஸ் தம் பொறியோடு அதனை ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற் கடந்து பாடன் நகரிற் போய் இறங்கினார். வெந்நீர் ஊற்றுக்களில் நீராடும்பொருட்டுப் பல தேசத்துச் செல்வரும் கூடும் ஊர் அது. மறுநாளே அவ்வூர்ப் பத்திரிகை இச்செய்தியை வெளியிட்டது.

இப்பயணத்தை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். இரப்பர்ப் பட்டையில்லாத சக்கரம். வண்டிகளின் தடம் ஆழப் பதிந்த மலைப்பாதை. வேர்களும் கற்களும் நிறைந்த வழி. ஏறும்போது பொறியால் ஏதும் பயனுண்டோ எனின், சிறிதுண்டு. உடலின் பாரம் இருக்கையில் தங்குதலால் கால்களுக்கு உந்தும் வேலை மட்டுமே மிஞ்சும். நல்ல பாதையாயின் ஏற்றத்தில் விரைந்து நடப்பவனுக்கு ஒப்பாகவும், இறக்கத்தில் நாற்கால் பாய்ச்சலிற் செல்லும் குதிரையினும் விரைவாகவும் தம் பொறி செல்லுமென டிரைஸ் பின்னர் வெளியிட்ட விவரத்திற் கூறியுள்ளார். குதிரையை விஞ்சும் வேகத்தோடு வளைந்து வளைந்து இறங்கும் ஒருவன் நம்பத்தக்கது கயிற்றால் இழுக்கும் அந்த ஒரு தடையே. தடையை முதலிலேயே அமைத்துக்கொண்ட அவர் முன்னறிவை நாம் வியக்கின்றோம். ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மரின் பகுதியிலே இளைஞர் சிலர் பருத்த சக்கரமுடைய பழைய வண்டிகளில் மலைச்சரிவுகளில் இறங்கிப் பந்தயமிட்டதே இக்காலத்து மலைவண்டிக்குத் தோற்றுவாய் என்பர். அவர்களுக்கும் பெருந்தொல்லை தடையே. ஒருமுறை இறங்குவதற்குள் அச்சுக்குள்ளிருந்த மசகு வெந்து புகைந்து போகுமாம்.

1818-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் தேதி பாடன் அரசு அவருக்குப் பத்தாண்டு தனியுரிமை வழங்கிற்று. வனத்துறையினின்று ஓய்வுகொடுத்து, பொறிநூற் பேராசிரியர் என்ற பட்டமும் ஆண்டுதோறும் ஊதியமும் அளித்தது. ஆயின் அவ்வுரிமை பாடன் எல்லையைத் தாண்டிச் செல்லவில்லை. லண்டனில் டெனிஸ் ஜான்ஸன் என்னும் வண்டித் தச்சர் அதே ஆண்டில் தாமும் ஓர் உரிமை பெற்று இத்தகைய வண்டிகளைச் செய்து விற்றார். செல்வர் வீட்டு இளைஞர் அதனை மோகித்தனர், சித்திரக்காரர் நகைத்தனர். தெருக்கள் குண்டும் குழியுமாயிருந்தமையால் ஓட்டுவோர் நடைபாதையில் ஏறினர், நடப்போர் முறையிட்டனர். மன்ஹைமில் 1817-ஆம் ஆண்டின் இறுதியிலேயே நடைபாதையில் ஓட்டுதல் விலக்கப்பட்டது. மிலான், லண்டன், பிலடெல்பியா, நம் நாட்டுக் கல்கத்தா வரையிலும் இத்தகைய தடைகள் பரவின. நல்ல சாலையில்லாத காலத்தில் பிறந்த வண்டிக்கு நடைபாதையும் மறுக்கப்பட்டால் அது எங்ஙனம் வாழும்?

அடுத்து நேர்ந்த துன்பத்திற்கு அவர் சிறிதும் காரணரல்லர். 1819-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23-ஆம் தேதி, ஸாண்ட் என்னும் வேதசாஸ்திர மாணவன், கோட்ஸெபூ என்ற நாடகாசிரியரை மன்ஹைமில் அவர் இல்லத்திலேயே குத்திக் கொன்றான். நாட்டு விடுதலைக்கு அவர் பகைவர் என்பது அவன் எண்ணம். மாணவர் உலகம் அவனை வீரனாகப் போற்றிற்று. உயர் நியாயாதிபதியாயிருந்த டிரைஸின் தந்தையார் அவனுக்குக் கருணை காட்ட இசையவில்லை. 1820-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி அவன் தலை வெட்டப்பட்டது. தந்தைமேல் எழுந்த சினத்தை அம்மாணவர் மகன்மேற் காட்டினர். எங்குச் சென்றாலும் ஏச்சும் ஏளனமும் தொடர்ந்தன. மாணவரது ஆவேசம் நியாயமறியாது பாயும் இடமும் உண்டென்பதை இப்பத்திரிகையில் எழுதுதற்கு நாம் கூசவில்லை. டிரைஸ் 1822-இல் தேசத்தை விட்டே பிரேசிலுக்குச் சென்று, லாங்ஸ்டோர்ப் என்பாரின் துணையுடன் நிலமளப்போராக ஐந்தாண்டு காடுமலைகளிற் கழித்து 1827-இல் மீண்டனர்.

மீண்ட பின்னரும் அவர் கை ஓய்ந்ததில்லை. புறப்படுமுன் 1821-இல் விசைகளால் எழுத்துப் பதிக்கும் கருவியொன்றைச் செய்திருந்தார். அதனைத் திருத்திப் பதினாறு விசைகளாற் பேச்சை விரைந்து குறிக்கும் கருவியாக்கினார். விறகுச் செலவைக் குறைக்கும் அடுப்பும் இயற்றினார். இருப்புப்பாதையிற் பணியாளர் தாமே செலுத்திச் செல்லும் தள்ளுவண்டிக்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. தந்தையார் 1830-இல் காலஞ்சென்றதும் அவருக்கிருந்த நிழல் நீங்கியது. பகைவர் துணிந்தனர், அவரும் குடிக்கு இடங்கொடுத்தார். 1839 முதல் 1845 வரை, நெக்கர் ஆற்றுக்கு வடக்கே ஓடன்வால்டு மலைக்காட்டிலுள்ள வால்டுகாட்ஸன்பாக் என்னும் சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். காட்டில் உத்தியோகம் தொடங்கியவர்க்குக் காடே புகலிடமாயிற்று.

1848-இல் எழுந்த குடியரசுக் கிளர்ச்சி பாடன் நாட்டில் 1849-இல் முற்றியது. அப்பொழுது டிரைஸ் தாம் பிறந்த நாள்முதற் கொண்டிருந்த பிரபுப் பட்டத்தைத் தாமே துறந்து, இனித் தாம் குடிமகன் காரல் டிரைஸ் மாத்திரமே எனப் பத்திரிகை வாயிலாக அறிவித்தார். அறுபத்து நான்கு வயதில், பட்டத்தையன்றி வேறேதும் மிச்சமில்லாத ஒருவர் அதனையும் துறந்ததை எளிதென்று நாம் எண்ணவில்லை. பிரஷ்ய சேனை அவ்வாண்டே வந்து கிளர்ச்சியை ஒடுக்கிற்று. அரசர் பக்கத்தார் அவரைப் பித்தரென்று அடைத்துவைக்கவும் முயன்றனர். அது கைகூடாது போயினும், கிளர்ச்சியால் நேர்ந்த செலவை ஈடுகட்டவென அவர் ஊதியம் பறிமுதல் செய்யப்பட்டது. 1851-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி கார்ல்ஸ்ரூஹ நகரில் கையிற் காசின்றி இறந்தார்.

முன்சக்கரத்தில் மிதி பூட்டிய வண்டி பாரிஸில் தோன்றியது 1860-களில்தான். கால்களை நிலத்தினின்று எடுக்க உலகத்தார்க்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது என்பது இன்று நமக்கு வியப்பளிக்கும். அவ்வண்டி புகழ்பெற்ற பின்னர் அதன் வரலாற்றை எழுதியோர் சிலர் டிரைஸை அரைப்பித்தரென்றும், வண்டியின் மெய்ப்பொருளை அறியாதவரென்றும் எழுதினர். அவர் குடியரசுப் பற்றைப் பொறாத பகைவர் கட்டிய கதைகளையே அவர்கள் ஆராயாது மேற்கொண்டனர். பொதுமக்களான வண்டியோட்டிகள் அங்ஙனம் மறக்கவில்லை. ஜெர்மனியின் சைக்கிள் சங்கத்தார் பணம் திரட்டி, 1891-இல் அவர் எலும்புகளைப் பழைய இடுகாட்டினின்று எடுத்துக் கார்ல்ஸ்ரூஹவின் பெரிய இடுகாட்டில் மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தனர். 1893-இல் அந்நகரிலேயே நினைவுச்சின்னமும் எழுப்பினர். அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்த 1985-இல் மேற்கு ஜெர்மனி அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் மலைகடந்து இறங்கிய பாடன் நகரின் பெயரை 1931-இல் பாடன்-பாடன் என இரட்டித்து வழங்கலாயினர். தேசப்படத்திற் கெர்ன்ஸ்பாக்கிலிருந்து அவர் சென்ற வழியைத் தேட விரும்பும் மாணவர் அப்பெயரிலேயே தேடுக.