கவுன்சிலர் சிங்காரவேலர்: நாகை ரயில் தொழிலாளர்களுக்காக 68 வயதில் சிறை சென்ற சென்னைக்காரர்

நாகப்பட்டினத்தில் ரயில் ஏறினால் திருவாரூர், தஞ்சாவூர் எல்லாம் தாண்டி, திருச்சி ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் பொன்மலை வரும். அங்கே இருக்கும் பிரம்மாண்டமான ரயில்வே பணிமனையை டெல்டாக்காரர்கள் பலரும் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலேயே ரயில்வே பணிமனை இருந்தது. அது பொன்மலைக்குப் போனபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையை இழக்கும் நிலைக்கு வந்தன. அவர்களுக்காகச் சென்னையிலிருந்து வந்து நின்று, 68 வயதில் ஜெயிலுக்குப் போனவர்தான் ம.சிங்காரவேலர். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் அவர் சென்னை மாநகராட்சி கவுன்சிலராகத் தேர்வாகியிருந்தார்.

மே தினம் வந்தால் மட்டும் இவர் பெயர் ஸ்டேட்டஸ்களில் வரும். 1923 மே 1-ஆம் தேதி சென்னையில் இரண்டு இடங்களில் கூட்டம் நடத்தி, இந்தியாவில் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் என்ற அளவில் கதை முடிந்துவிடும். அவருடைய கவுன்சிலர் வாழ்க்கையும் நாகை தொடர்பும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

யார் இவர்?

1860 பிப்ரவரி 18-இல் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார் சிங்காரவேலர். மாநிலக் கல்லூரியில் படித்து, பிறகு சட்டம் முடித்து, உயர் நீதிமன்ற வழக்கறிஞரானார். அந்தக் காலத்தில் குப்பத்தில் பிறந்த ஒருவர் ஹைகோர்ட் வரை போவது எவ்வளவு அபூர்வம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டவர், மகாபோதி சங்கப் பணிகளில் இருந்தவர். வீட்டில் பல ஆயிரம் புத்தகங்கள் வைத்திருந்தார்.

நல்லா சம்பாதித்துக்கொண்டிருந்த அந்த வக்கீல் தொழிலை ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921-இல் விட்டுவிட்டார். அதே ஆண்டு சென்னை பின்னி மில்லில் பெரிய வேலைநிறுத்தம். அதிலிருந்து அவர் நேரம் முழுக்கத் தொழிலாளர் பக்கம் போனது. 1922 டிசம்பரில் கயா காங்கிரஸ் மாநாட்டு மேடையில் ஏறி, தன்னை வெளிப்படையாகக் கம்யூனிஸ்ட் என்று அறிவித்தார். காந்தி மீது மரியாதை இருந்தது, காங்கிரசிலும் இருந்தார். ஆனா தொழிலாளியையும் விவசாயியையும் விட்டுவிட்டு வரும் சுதந்திரம் யாருக்கு என்ற கேள்வியையும் அவர் விடவில்லை. 1923-இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயரே தொழிலாளர், விவசாயி இரண்டையும் சேர்த்ததுதான்: லேபர் கிஸான் கட்சி.

பிரிட்டிஷ் அரசு சும்மா இருக்குமா? 1924-இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் எம்.என்.ராய், டாங்கே, முசாஃபர் அகமது ஆகியோருடன் இவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நிலை மிக மோசமாக இருந்ததால் இவர் மீதான வழக்கு நடக்கவில்லை.

சதி வழக்கிலிருந்து மாமன்றத்துக்கு

இந்த இடத்தில்தான் கதை சுவாரஸ்யமாகிறது. சதி வழக்கில் பெயர் அடிபட்ட அடுத்த ஆண்டே, 1925-இல், சுயராஜ்யக் கட்சி சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று ஜெயித்தார். வயது 65. அதே ஆண்டு டிசம்பரில் கான்பூரில் நடந்த முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் இவர்தான். அந்த மாநாட்டைத்தான் சிபிஐ இன்றுவரை தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. சிபிஎம் கணக்கு வேறு, அவர்களுக்கு 1920 தாஷ்கண்ட்தான் தொடக்கம். அந்தப் பஞ்சாயத்து நமக்கு இப்போ வேண்டாம். ஒரே ஆண்டில் ஒரே மனிதர் மாநகராட்சி கவுன்சிலராகவும் கம்யூனிஸ்ட் மாநாட்டுத் தலைவராகவும் இருந்தார் என்பதுதான் இங்கே விஷயம்.

இன்றைக்கு 18 வயது நிரம்பிய யாரும் வார்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம். அன்றைக்கு அப்படி இல்லை. சொத்து, வரி என்று தகுதி பார்த்துத்தான் ஓட்டு. சிங்காரவேலர் கூட்டம் போட்டுத் திரட்டிய மில் தொழிலாளிகளிலும், அவர் பிறந்து வளர்ந்த குப்பத்து மீனவர்களிலும் பெரும்பாலானோருக்கு அவருக்கு ஓட்டுப் போடும் உரிமையே கிடையாது. வரி கட்டுகிறவர்கள் தேர்ந்தெடுத்த சபையில் உட்கார்ந்து, வரி கட்ட வழியில்லாதவர்களுக்காகப் பேச வேண்டிய நிலை. இதை அவர் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்.

ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்த அந்த மன்றத்தில் அவர் தமிழில் உறுதிமொழி எடுத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாமல் இல்லை, ஆங்கிலத்திலேயே பத்திரிகை நடத்தியவர் அவர்.

மதிய உணவு விஷயத்தில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. பள்ளிகளில் மதிய உணவை முதலில் கொண்டுவந்ததே சிங்காரவேலர்தான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் அது தொடங்கியது. 1925-இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசு சொன்னதால் திட்டம் நின்றுபோனது. 1927-இல் மறுபடி வந்தது. சிங்காரவேலர் மன்றத்தில் இருந்தது இந்த இடைப்பட்ட காலத்தில். பசியோடு வருகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று வாதாடியவர்களில் அவரும் முக்கியமானவர். தொடங்கியவர் என்ற பட்டம் இல்லாவிட்டால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. நின்றுபோன ஒன்றைத் திரும்பக் கேட்டு வாங்குவதும் கஷ்டமான வேலைதான்.

நாகப்பட்டினத்துக்கு வந்த கதை

தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கும் நாகைக்கும் பழைய உறவு. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரை 1860-களின் தொடக்கத்திலேயே தண்டவாளம் போட்டாகிவிட்டது. டெல்டாவின் நெல்லும் அரிசியும், மலேயாவுக்குக் கப்பல் ஏறும் கூலி ஆட்களும் அந்த ரயிலில்தான் துறைமுகத்துக்குப் போனார்கள். அப்போது நாகையும் தஞ்சாவூர் ஜில்லாதான். வயலை நம்பாமல் மாதச் சம்பளம் வாங்கக் கிடைத்த மிகச் சில இடங்களில் ரயில்வே பணிமனையும் ஒன்று.

1920-களின் கடைசியில் நாகை, போத்தனூர், திருச்சி பணிமனைகளை ஒன்றாக்கிப் பொன்மலையில் குவிக்க கம்பெனி முடிவெடுத்தது. ஊர் மாறுவது மட்டும் என்றால் சமாளித்திருப்பார்கள். கூடவே 3,000-க்கும் மேற்பட்ட ஆட்களைக் குறைப்பது என்ற திட்டமும் வந்தது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பார்க்கத் தேர்வு வேறு. இருபது வருஷம் சுத்தியல் பிடித்தவரைக் கூப்பிட்டு, உனக்கு வேலை தெரியுமா என்று சோதித்தால் எப்படி இருக்கும்?

1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. பணிமனையில் ஆரம்பித்தது ரயில் ஓடும் பாதை முழுக்கப் பரவியது. கிருஷ்ணசாமிப் பிள்ளை, வங்காளத்திலிருந்து வந்த முகுந்தலால் சர்க்கார், பெருமாள் ஆகியோருடன் சிங்காரவேலரும் முன்னால் நின்றார். முந்தைய ஆண்டுதான் காரக்பூர் ரயில்வே தொழிலாளர் போராட்டத்துக்காக வங்காளம் வரை போய் வந்திருந்தார்.

வேலைநிறுத்தம் பத்து நாளுக்குமேல் தாங்கவில்லை. தலைவர்கள் உள்ளே போனதும் ஜூலை முடிவதற்குள் கலைந்தது. தொழிலாளிகள் கேட்டது கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. இந்தத் தோல்வியை மே தினப் பதிவுகள் ஏனோ தவிர்த்துவிடுகின்றன.

சதி வழக்கில் சிங்காரவேலருக்குக் கிடைத்த தண்டனை 10 ஆண்டு. 68 வயதுக்காரருக்கு அது ஏறக்குறைய ஆயுள் தண்டனை. பெருமாளுக்கு நிஜமாகவே ஆயுள் தண்டனை, அந்தமான். மேல்முறையீட்டில் சிங்காரவேலரின் தண்டனை குறைந்து, 1930-இல் வெளியே வந்தார்.

டெல்டாவில் செங்கொடி என்றாலே பண்ணையாட்களின் போராட்டமும், 1943-இல் கட்சி அனுப்பி வைத்த பி.சீனிவாசராவும்தான் நினைவுக்கு வரும். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக நடந்த அந்தப் போராட்டம் அவ்வளவு பெரியது, நினைவில் நிற்பது நியாயம். அதற்கு 15 ஆண்டுகள் முன்பே இதே மண்ணில் நடந்த ரயில் தொழிலாளர் போராட்டம் அதன் நிழலில் மறைந்துபோனது.

அதற்குப் பிறகு?

வெளியே வந்தவருக்கு வயது 70. உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஆனா பேனா ஓடியது. பெரியாரின் குடி அரசு இதழில் அறிவியல், மூடநம்பிக்கை, சமதர்மம் என்று தொடர்ந்து எழுதினார். 1932-இல் பெரியார் ரஷ்யா போய் வந்த பிறகு உருவான ஈரோடு சமதர்மத் திட்டத்தில் இவர் பங்கு பெரியது. 1934-இல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்ட பிறகு பெரியார் அந்தத் திட்டத்திலிருந்து ஒதுங்கினார். இருவருக்கும் இடையில் விரிசல் வந்தது. சிங்காரவேலர் 1935-இல் புது உலகம் என்று தனிப் பத்திரிகை தொடங்கினார்.

1946 பிப்ரவரி 11-இல் காலமானார். அடுத்த வாரம், பிப்ரவரி 18, அவருடைய பிறந்தநாள். அன்றைக்குத்தான் பம்பாயில் கடற்படை மாலுமிகளின் வேலைநிறுத்தம் தொடங்கியது.

சென்னை ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். நாகப்பட்டினத்திலிருந்து போன பணிமனை பொன்மலையில் இன்றும் இயங்குகிறது.