வாயிலில் நின்ற சிறுமியர்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு தோன்றிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், விதிவிலக்கின் அருமையை இளமையிலேயே உணர்ந்தவர். ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில், பலர் எதிர்த்தபோதும் மன்னரின் ஆணையால் இடம் பெற்றார். 1912-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக விளங்கினார்.

கோயில் பணிக்குப் பெண்களைப் பிணைத்திருந்த மானிய நிலக் கட்டினை அவர் முயற்சியால் 1929-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அறுத்தது. கட்டறுந்தவர்கள் எங்கே தங்குவார்கள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. 1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவி துறந்தார். அக்காலத்தில்தான் தேவதாசி மரபில் பிறந்த சிறுமியர் சிலர் அடைக்கலம் நாடி அவர் இல்லத்து வாயிலுக்கு வந்தனர்.

விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. நடத்தியோர் எல்லாரும் கொடியவர் அல்லர். வழக்கத்தை மீறினால் ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சமே பெரிதாயிருந்திருக்கும். மனு எழுதவும் குழு அமைக்கவும் அம்மையாரைவிட நன்கு அறிந்தவர் அந்நாளில் மிகச் சிலரே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் நாள் பிடிக்கும். சிறுமியர்க்கோ அன்றே கூரை வேண்டும். மருத்துவரல்லரா, எது காத்திருக்கும், எது காத்திராது எனப் பகுத்தறிந்தார். தம் இல்லத்திலேயே அவர்களைத் தங்க வைத்தார்.

ஔவை இல்லம் இவ்வாறுதான் பிறந்தது. பெயரும் நெறிமுறையும் பிறகு வந்தவை. சென்னையின் தென்பால் அடையாற்றில் அது நிலைபெற்று, ஆதரவற்ற பெண்குழந்தைகளுக்குப் பள்ளியும் உறைவிடமும் ஆயிற்று.