சாக்ரடீஸும் அவருடைய பழைய மாணவர்களும்

சாக்ரடீஸ் என்றதும் எங்கள் செட்டுக்கு ஞாபகம் வருவது 1956-ல் வந்த ‘ராஜா ராணி’ படமும், விஷக் கோப்பையோடு நிற்கும் சிவாஜியும்தான். ஆனால் பழைய மாணவர் மலருக்கு எழுது என்றபோது எனக்குத் தோன்றியது வேறு. அந்த மனிதருக்கும் ‘பழைய மாணவர்கள்’ இருந்தார்கள். வம்பில் பாதி அவர்களால்தான் வந்தது.

கி.மு. 470 வாக்கில் ஏதென்ஸில் பிறந்தவர். அப்பா கல்தச்சர், அம்மா மருத்துவச்சி. நேர்மை என்றால் என்ன, வீரம் என்றால் என்ன என்று சந்தையில் போகிறவர் வருகிறவரை மடக்கிக் கேட்பதே வேலை. காசு வாங்கியதில்லை, ஒரு வரி எழுதி வைக்கவும் இல்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் பிளேட்டோவும் ஸெனபோனும் எழுதியதுதான்.

அவரைச் சுற்றி வந்த இளைஞர்களில் அல்சிபியாடீஸ் ஒருவன். பணக்காரன், படைத்தலைவன், ஒரு கட்டத்தில் எதிரியான ஸ்பார்ட்டாவிடம் போய்ச் சேர்ந்து சொந்த ஊருக்கே குழி பறித்தான். இன்னொருவன் கிரிட்டியாஸ். கி.மு. 404-ல் ஏதென்ஸ் போரில் தோற்றதும் ஆட்சியைப் பிடித்த முப்பது பேரில் இவன்தான் முக்கியப் புள்ளி. ஏகப்பட்ட பேரைக் கொன்றார்கள். இளைஞர்களோடு பேசக்கூடாது என்று சாக்ரடீஸுக்கே தடை போட்டார்கள். நம்ம வாத்தியாராச்சே என்றெல்லாம் கிரிட்டியாஸ் பார்க்கவில்லை.

பிறகு சாக்ரடீஸையும் இன்னும் நாலு பேரையும் கூப்பிட்டு, சலமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைப் பிடித்து வரச் சொன்னார்கள். கொல்வதற்குத்தான். நாலு பேர் கிளம்பிப் போனார்கள். சாக்ரடீஸ் பேசாமல் வீட்டுக்குப் போயிட்டார். அந்த ஆட்சி சீக்கிரமே கவிழ்ந்ததால் அவர் தலை தப்பியது.

நாலு பேர் கிளம்பும்போது ஐந்தாவது ஆள் நிற்பது லேசான காரியமில்லை. உத்தியோகம் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் லியோன் செத்தார். சாக்ரடீஸ் ஆள் அனுப்பி அவரை எச்சரித்ததாகப் பதிவு ஏதும் இல்லை. தன் கையில் கறை படாமல் பார்த்துக்கொண்டால் மட்டும் போதுமா? எனக்கு இது இன்னும் தீராத சந்தேகம்.

கி.மு. 399-ல், 70 வயதில், வழக்கு. ஊர்க் கடவுள்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்று குற்றச்சாட்டு. முன்பே பொது மன்னிப்பு அறிவித்திருந்ததால் கிரிட்டியாஸ் விஷயத்தை நேரடியாக எழுத முடியவில்லை என்று பல வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். சுமார் 500 நடுவர்களில் முப்பது ஓட்டு மாறியிருந்தால் விடுதலை. கி.மு. 345-ல்கூட ஈஸ்கினிஸ் என்ற பேச்சாளர், கிரிட்டியாஸுக்குப் பாடம் சொன்னதற்காகத்தான் அவரை ஏதென்ஸ் கொன்றது என்று ஊரறிந்த சங்கதி போலச் சொல்லிவிட்டுப் போகிறார்.

தான் யாருக்கும் ஆசிரியரே இல்லை, யார் எப்படிப் போனாலும் அதற்குத் தான் பொறுப்பில்லை என்பது சாக்ரடீஸின் வாதம். கூட இருந்தவரை இருவரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள் என்பது ஸெனபோனின் சமாதானம். எந்த ஸ்டாஃப் ரூமிலும் கேட்கிற சமாதானம்தான்! எனக்கு இரண்டுமே முழுத் திருப்தி தரவில்லை. எதையும் கேள்வி கேள் என்று பழக்கியவருக்கு, அந்தப் பழக்கம் எந்தக் கையில் போய்ச் சேருகிறது என்ற கவலையும் கொஞ்சம் இருந்திருக்கணும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பிளேட்டோ இதே கிரிட்டியாஸுக்கு நெருங்கிய சொந்தம், தாய்வழி உறவு. முப்பதின்மர் ஆட்சியில் வந்து சேரும்படி அவருக்கும் அழைப்பு வந்தது. அவர் எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு கடிதத்தில் அது இருக்கிறது. முதலில் அவருக்கும் ஆசை இருந்ததாம். லியோன் விவகாரத்தையும் அதில் சாக்ரடீஸை இழுக்கப் பார்த்ததையும் கண்ட பிறகு ஒதுங்கிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துக்குள்தான்.