நெய்தல் மணலில் ஒரு சோலை: ருக்மிணி தேவி அருண்டேல் வாழ்வில் நிலமும் கலையும் உயிரிரக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

ருக்மிணி தேவி அருண்டேலின் (1904–1986) வாழ்க்கை பெரும்பாலும் பரதநாட்டிய வரலாற்றின் ஒரு பகுதியாகவே பேசப்பட்டு வந்துள்ளது. விலங்கு நலனுக்காக அவர் ஆற்றிய பணி தனியே குறிக்கப்படுகிறது. திருவான்மியூர் மணலில் அவர் உருவாக்கிய சோலையோ அவ்விரண்டிற்கும் பின்புலக் காட்சியாக மட்டுமே இடம்பெறுகிறது. இம்மூன்றும் ஒரே வாழ்க்கை நோக்கின் மூன்று கிளைகள் என்பதையும், அச்சோலையை மையமாக வைத்துப் பார்த்தால் அவரது சாதனையோடு அதன் எல்லையும் தெளிவாகும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கருச்சொற்கள்: ருக்மிணி தேவி, கலாக்ஷேத்ரா, திருவான்மியூர், நெய்தல், உயிரிரக்கம், பெயர்த்து நடுதல்.

முன்னுரை

தமிழ்த் திணைக் கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், மரம், புள், விலங்கு, தொழில், யாழ், பறை முதலியவை கருப்பொருளாகின்றன. மக்களின் ஒழுக்கமாகிய உரிப்பொருள் இவற்றோடு இயைந்தே அமைகிறது. யாழும் பறையும் மரத்தோடும் விலங்கோடும் ஒரே பட்டியலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. கலை நிலத்தில் விளைவது என்னும் எண்ணம் இவ்வைப்புமுறையில் உள்ளடங்கியுள்ளது. ஒரு கலைஞரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் அவர் கற்ற கலையை ஆராய்வதோடு, அவர் வாழ்ந்த நிலத்தையும் அந்நிலத்திற்கு அவர் செய்ததையும் ஆராய வேண்டும் என்பதற்கு இக்கோட்பாடே போதிய சான்றாகும். ருக்மிணி தேவியின் வாழ்க்கை அவ்வாறு ஆராயத்தக்க ஒன்று.

அடையாற்றுச் சோலையில் வளர்ந்தவர்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர். வடமொழிப் புலமையும் பிரம்மஞான சபையின்பால் ஈடுபாடும் கொண்டவர். தாயார் சேஷம்மாள். பணி ஓய்வுக்குப்பின் தந்தையார் சென்னை அடையாற்றில் சபையின் வளாகத்தருகே குடியேறினார். குடும்பத்தின் வாழ்வு அவ்வளாகத்தோடு இணைந்தது அப்போதுதான்.

சபை 1882இல் அடையாற்றின் தென்கரையில் வாங்கிய தோட்டம் பின்னர் அன்னி பெசண்டு அம்மையார் காலத்தில் பன்மடங்கு விரிந்தது. ஆறு கடலோடு கலக்கும் அம்முகத்துவாரத்தில் பெரிய ஆலமரமும் பல நாட்டு மரங்களும் பறவைகளும் நிறைந்த சோலை ஒன்று நிலைபெற்றது. மரத்தடியில் கூடுவதும் கற்பதும் அங்கு அன்றாட வழக்கம். ருக்மிணி தேவியின் இளமை இச்சூழலில் கழிந்தது. பிற்காலத்தில் அவர் திருவான்மியூரில் எதை உருவாக்க முயன்றார் என்பதை அறிய இவ்விளமைச் சூழலை மனத்திற்கொள்வது இன்றியமையாதது.

1920இல் அவர் சபையின் முன்னணியினருள் ஒருவரும் ஆங்கிலேயருமான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். சாதி கடந்தும் நாடு கடந்தும் நிகழ்ந்த அத்திருமணம் அக்காலச் சென்னையில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கணவரோடு பல நாடுகளுக்கும் சென்ற ருக்மிணி தேவி, 1928இல் உருசிய நடனமணி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். மேலை நடனத்தைச் சிறிது பயின்ற அவரைத் தம் நாட்டுக் கலையைத் தேடுமாறு தூண்டியவர் பாவ்லோவாவே. 1930களின் தொடக்கத்தில் ஈ. கிருஷ்ண ஐயர் போன்றோரின் முயற்சியால் சதிராட்டத்தைக் கண்ட அவர், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அதனைக் கற்றார். 1935ஆம் ஆண்டின் இறுதியில், சபையின் வைர விழாவையொட்டி அடையாற்றில் அவரது முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. 1936 ஜனவரியில் கலாக்ஷேத்ரா தோன்றியது. ஒரு மரத்தடியில், ஒரு மாணவியோடு தொடங்கியதாகவே அந்நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லி வருகிறது.

அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939இல் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரின் காரணமாக அவர் இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. செடிகளையும் விலங்குகளையும் குழந்தைகள் தம் கையால் பேணிக் கற்பது மாண்டிசோரி முறையின் ஒரு கூறு. பள்ளிக் கல்வியிலும் ஈடுபட்டிருந்த ருக்மிணி தேவிக்கு இத்தொடர்பு ஊக்கமளித்தது. 1945இல் அருண்டேல் மறைந்தார்.

திருவான்மியூர்: மணலும் உப்புக்காற்றும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைப் பாதையின் தொடக்கத்தில் உள்ளது திருவான்மியூர். இன்று சென்னை மாநகரின் பகுதியான இவ்வூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது. இறைவன் மருந்தீசர், தலமரம் வன்னி. வான்மீகி முனிவரின் பெயரோடு ஊர்ப்பெயரை இணைத்துச் சொல்லும் மரபும் உண்டு. மரமும் மருந்தும் முனிவரின் தவமும் ஊரின் நினைவில் இருந்தனவாயினும், கலாக்ஷேத்ராவுக்கெனப் பெறப்பட்ட ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடந்தது. நிறுவனம் 1962இல் அங்கு இடம்பெயர்ந்தது.

அம்மணலின் இயல்பை அறிந்தால்தான் அச்சோலையின் அருமை விளங்கும். கடலோர மணல் நீரைத் தன்னிடத்தே நிறுத்துவதில்லை. பெய்த மழையை உடனே கீழே இறக்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்கள் போக, ஆண்டின் எஞ்சிய காலம் பெரும்பாலும் வறட்சியே. உப்புக்காற்று இளந்தளிர்களைக் கருக்குகிறது. இத்தகைய நிலத்தில் மரம் வளர்ப்போர் குழியில் ஏரி வண்டலும் தழையுரமும் இடுவர். காற்று வரும் பக்கத்தில் பனையோலைத் தட்டி கட்டுவர். கோடையில் குடம் குடமாக நீர் ஊற்றுவர். முதல் மரங்கள் உயிர் பிடித்த பின்னரே அவற்றின் நிழலில் அடுத்தவை வளரும். உதிர்ந்த சருகு மண்ணை மூடும். மூடாக்கின் கீழ் ஈரம் தங்கும். மணல் மெல்ல மெல்ல மண்ணாகும். இஃது ஓரிரு ஆண்டுகளில் முடியும் வேலையன்று.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. திருவான்மியூர் முதல் கோவளம் வரையுள்ள இம்மணற்பரப்பின் அடியில் நன்னீர் தேங்கி நிற்கிறது. மழைநீர் மணலின் வழியே இறங்கிக் கடலின் உவர்நீரை அழுத்தி நிற்பதால் அமைந்த நீர்த்தேக்கம் அது. மேற்பரப்பு கட்டடத்தாலும் தாராலும் மூடப்பட்டால் மழை உட்புகாது. கிணற்றிலிருந்து அளவுக்கு மிஞ்சி நீர் எடுத்தால் உவர்நீர் உட்புகும். மரங்களோடு திறந்த மண்ணாக விடப்பட்ட 100 ஏக்கர், தன் ஊரின் கிணறுகளுக்கும் காவலாக நிற்கிறது.

19ஆம் நூற்றாண்டில் செங்கற்பட்டுக் கடற்கரையில் விறகுக்கெனச் சவுக்குத் தோப்புகள் பெருகின. நட்டு, வளர்த்து, மொத்தமாக வெட்டி, மீண்டும் நடுவது அதன் முறை. கலாக்ஷேத்ராவில் நிகழ்ந்தது இதனின்று வேறானது. அங்கு மரங்கள் வெட்டுவதற்காக நடப்படவில்லை. ஆலமரத்தடி காலை வழிபாட்டின் இடமாயிற்று. வகுப்புகள் மரங்களுக்கிடையே எளிய குடில்களில் அமைந்தன. காற்றும் பறவையொலியும் தடையின்றி உட்புகும் இடத்திலேயே மாணவர் தாளம் பயின்றனர். கட்டடங்களை மரங்களுக்குள் ஒடுக்கி வைத்த அவ்வமைப்பே தோட்டக் கலையைப் பற்றிய ருக்மிணி தேவியின் கருத்தை உணர்த்துகிறது.

கலையில் விளைந்த நிலம்

1944இல் கலாக்ஷேத்ரா அரங்கேற்றிய குற்றாலக் குறவஞ்சி அதன் நாட்டிய நாடகங்களுள் முன்னோடி. மலைவளம் கூறுதல் குறவஞ்சி இலக்கியத்தின் இன்றியமையா உறுப்பு என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அருவியும் குரங்கும் மூங்கிலும் அங்குக் கதைக்கு அணிகலனாக மட்டும் நிற்பதில்லை. குறத்தியின் தகுதிக்கே அவை சான்றுகள். தன் மலையை அறிந்தவள் என்பதாலேயே அவள் குறி சொல்லத் தகுதி பெறுகிறாள். 1955 முதல் 1970 வரை இராமாயணம் ஆறு பகுதிகளாக உருப்பெற்றது. காடும் பறவையும் வானரமும் நிறைந்த அக்காவியத்தின் பிற்பகுதிகள் வான்மீகியின் பெயர் வழங்கும் ஊரிலேயே வடிவம் பெற்றது பொருத்தமான நிகழ்ச்சி.

கைத்தறியும் இயற்கைச் சாயமும் இந்நோக்கின் தொடர்ச்சியே. நிறுவனத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே நெசவுக்கூடம் அமைந்தது. 1978இல் கலம்காரிப் பிரிவு சேர்ந்தது. கலம்காரியின் கருமை இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வைத்த நீரால் வருவது. துணியைச் சாயம் ஏற்கப் பண்படுத்துவது கடுக்காய். சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு ஒரு காலத்தில் செந்நிறம் தந்த சாயவேர் இக்கடலோர மணலில் விளைந்த செடியே. ஆடுவோர் உடுக்கும் துணியும் நிலத்தின் விளைபொருள் என்னும் அறிவு இத்தொழில்களில் காக்கப்படுகிறது.

உயிரிரக்கம் சட்டமான வரலாறு

ருக்மிணி தேவி 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1956இல் மீண்டும் நியமனம் பெற்றார். 1953இல் விலங்குவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசே இப்பொருளை ஆராய்ந்து சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததன்பேரில் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது. 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். சமயச் சடங்கிற்காகக் கொல்லுதலும் ஆய்வுக்கூடச் சோதனையும் அச்சட்டத்தில் குற்றமாகக் கருதப்படாமல் விலக்குப் பெற்றன. தம் கொள்கை முழுமையாக ஏற்கப்படாத ஒரு சட்டத்தை ஏற்று, அதனைச் செயற்படுத்தும் பொறுப்பையும் தாமே சுமந்தார் அவர்.

வளாகம் திருவான்மியூருக்கு மாறிய 1962ஆம் ஆண்டே வாரியமும் அமைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அச்சோலையின் பொருள் துலங்குகிறது. கலை பயிலும் இடத்தில் வேறோர் உயிர் துன்புறலாகாது என்பது அவரது கொள்கை. இக்கடற்கரைக்கு இக்கொள்கை புதிதன்று. அதே பாதையின் தென்கோடியில், மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், தவம் செய்யும் பூனையின் அருகே எலிகள் அஞ்சாது நிற்கின்றன. யானைகள் தம் கன்றுகளோடு நிற்கின்றன. மானும் சிங்கமும் ஒரே பாறையில் இடம்பெறுகின்றன. உயிர்கள் அனைத்தும் கூடிய வெளியே தவத்திற்குரிய வெளி என்று பல்லவர் காலச் சிற்பியர் கண்டனர்.

பெயர்த்து நடுதலின் இழப்பு

ருக்மிணி தேவியைப் பற்றிய எந்த ஆய்வும் ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது. சதிராட்டம் அதுவரை இசைவேளாளர் குலப் பெண்களின் உயிர்ப்பாகவும் வாழ்வாதாரமாகவும் இருந்தது. 1947இல் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கலை புதிய மேடையில் மதிப்புப் பெற்ற அதே காலத்தில் அதைக் காத்து வந்த பெண்கள் பலர் மேடையை இழந்தனர். சிருங்காரத்தை அவர் குறைத்ததைத் தஞ்சாவூர் பாலசரஸ்வதி வெளிப்படையாக மறுத்தார்.

தோட்டக் கலையின் அறிவு இங்குத் துணைசெய்கிறது. வளர்ந்த செடியைப் பெயர்த்து நடுவோர் வேரைப் பற்றிய தாய்மண்ணோடு அதைத் தோண்டி எடுப்பர். தாய்மண் உதிர்ந்தால் செடி வாடும். பிழைத்தாலும் அதன் இயல்பு சிறிது மாறும். கௌரி அம்மாளையும் பந்தநல்லூர் ஆசான்களையும் கலாக்ஷேத்ராவுக்கு அழைத்துவந்த வகையில் ருக்மிணி தேவி தாய்மண்ணின் ஒரு பகுதியைக் காத்தார். ஆயினும் அக்குலத்துப் பெண்கள் கூட்டமாக அச்சோலைக்குள் வரவில்லை; நாளடைவில் நட்டுவனாரின் இடத்தையும் அங்குப் பயின்றோரே ஏற்றனர். எவ்வுயிருக்கும் இடமளிக்க எண்ணியவரின் சோலையில் இவ்விடைவெளி இருந்தது. இதனைக் கூறுவது அவரது பெருமையைக் குறைப்பதாகாது. அவர் தாமே வகுத்த அளவுகோலால் அவரை அளப்பதாகும்.

முடிவுரை

1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்குத் தம் பெயரை முன்மொழிய மொரார்ஜி தேசாய் விரும்பியபோது ருக்மிணி தேவி அதை மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் மறைந்தார். பின்னர் 1993ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. அவர் நடனம் நினைவிலும் நிழற்படங்களிலும் எஞ்சியுள்ளது. அவர் முயன்று பெற்ற சட்டம் ஏட்டில் உள்ளது. சோலையோ ஆண்டுதோறும் வேரை ஆழமாக்கிக் கொண்டிருக்கிறது.

அச்சோலையைச் சுற்றிலும் இன்று நகரம் நெருங்கிவிட்டது. மாமல்லபுரம் வரையுள்ள மணற்பரப்பு மனைகளாகவும் சாலைகளாகவும் மாறிவருகிறது. இந்நிலையில் ருக்மிணி தேவியின் வாழ்க்கையிலிருந்து பெறத்தக்க முடிவுகள் மூன்று. கலைநிறுவனத்தின் வரலாறு அதன் நிலத்தின் வரலாற்றையும் உள்ளடக்கியது. மரத்தைக் காப்பதும் விலங்கைக் காப்பதும் கலையைக் காப்பதும் ஒரே அறத்தின் செயல்கள். அவ்வறம் முழுமை பெற, பெயர்த்து நட்ட செடியைப் பேணுவோர் அது முன்பு நின்ற மண்ணையும் அம்மண்ணில் அதை வளர்த்தோரையும் நினைவிற்கொள்ள வேண்டும்.