ராபர்ட் போஷ்

ராபர்ட் போஷ் (செப்டம்பர் 23, 1861 - மார்ச் 12, 1942) ஜெர்மனியைச் சேர்ந்த தொழில்முனைவர். நுண்பொறிக் கைவினைஞராகத் தொழில் பயின்றவர். பெட்ரோல் எஞ்சின்களுக்கான மேக்னெட்டோ, டீசல் எஞ்சின்களுக்கான எரிபொருள் பீச்சு பம்பு ஆகிய இரு கருவிகளையும் உலகெங்கும் பரப்பிய நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். தமிழ்நாட்டில் இவரது பெயரைப் பெரும்பாலும் பாஷ் என்றே ஒலிக்கின்றனர்.

இவ்விரு கருவிகளையும் இவரே கண்டுபிடித்தார் என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. மேக்னெட்டோ இவருக்கு முன்பே இருந்தது. டீசல் பம்பின் பின்னாலும் பல பொறியாளர்களின் உழைப்பு உள்ளது. ஆய்வுக்கூடத்தில் ஒன்றிரண்டாகச் செய்யக்கூடிய நுண்ணிய பொருளை ஒரே தரத்தில் ஆயிரக்கணக்கில் செய்ய முடியும் என்று காட்டியதும், அது பழுதானால் வாங்கியவரின் ஊரிலேயே சரிசெய்ய வழி அமைத்ததும் இவரது பங்களிப்பு ஆகும்.

இளமைக் காலம்

ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள உல்ம் நகருக்கு அருகே ஆல்பெக் என்னும் சிற்றூரில், 12 குழந்தைகளில் 11ஆவது குழந்தையாகப் பிறந்தார். தந்தை செர்வாட்டியசு போஷ் விடுதி நடத்தியவர்; நிலமும் உடையவர். 1869இல் குடும்பம் உல்ம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிப் படிப்புக்குப் பின் 1876 முதல் 1879 வரை நுண்பொறிக் கைவினைஞர் ஒருவரிடம் தொழில் பயின்றார். பின்னர் பல பட்டறைகளில் வேலை பார்த்தார். ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் 1883-84இல் சில காலம் பாடங்கேட்டாரே தவிர, பட்டம் எதுவும் பெறவில்லை.

1884இல் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் எடிசனின் நிறுவனத்தில் பணியாற்றினார். அங்கு தொழிலாளர் இயக்கம் ஒன்றில் உறுப்பினராகவும் சேர்ந்தார். முதலாளி ஆவதற்கு முன்பே தொழிலாளர் உரிமை பற்றிய எண்ணம் இவரிடம் வேரூன்றிவிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் சீமன்சு நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்தபின் நாடு திரும்பினார்.

ஸ்டுட்கார்ட் பட்டறை

1886 நவம்பர் 15 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் நுண்பொறி மற்றும் மின்பொறிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். முதலீடு 10,000 மார்க். உடன் இருந்தவர்கள் ஒரு தொழிலாளியும் ஓர் எடுபிடிப் பையனும் மட்டுமே. தொலைபேசி பொருத்துதல், மின்மணி அமைத்தல் என்று கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தனர். முதல் பத்து ஆண்டுகள் கடன் சுமையும் ஏற்றத்தாழ்வும் நிறைந்தவை. அக்காலத்தில் போஷ் வாடிக்கையாளர் வீடுகளுக்கு மிதிவண்டியில் சென்று வந்தார்.

1887இல் வாடிக்கையாளர் ஒருவருக்காக நிலையான எஞ்சின் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்து கொடுத்தார். மேக்னெட்டோ என்பது மின்கலம் இல்லாமலே, காந்தத்தின் துணையால் தீப்பொறி எழுப்பும் சிறு மின்னாக்கி ஆகும். 1897இல் பிரெடரிக் சிம்சு என்பவர் டி டியோன்-பூட்டோன் மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்து, அதில் இக்கருவியைப் பொருத்தித் தருமாறு கேட்டார். மெதுவாக ஓடும் நிலையான எஞ்சினுக்கு ஏற்ற கருவி, விரைந்து சுழலும் வண்டி எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை. பட்டறையின் தலைமைத் தொழிலாளரான அர்னோல்டு சேரிங்கர், கனமான மின்சுருளை அசைப்பதற்கு மாற்றாக அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையை மட்டும் அசைத்து இதைத் தீர்த்தார். 1902இல் கோட்லோப் ஹோனோல்டு உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவும் அதனுடன் இயங்கிய ஸ்பார்க் பிளக்கும் நிறுவனத்தை உலகறியச் செய்தன. நிறுவனத்தின் வட்டச் சின்னத்தில் இன்றும் காணப்படுவது அந்த மேக்னெட்டோவின் சுழலகம்தான்.

தொழிலாளர் நலனும் வேலைநிறுத்தமும்

1906இல் தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைநாளை நடைமுறைப்படுத்தினார். அக்காலத்தில் பிற ஆலைகளில் பத்து மணி நேரம் இயல்பானது. ஊதியமும் பிற இடங்களைவிட உயர்வாக இருந்தது. சக முதலாளிகள் இவரைச் சிவப்பு போஷ் என்று கேலி செய்தனர். ஆயினும் 1913இல் இவரது ஆலையிலும் வேலைநிறுத்தம் வெடித்தது. அதனால் மனம் கசந்த போஷ், அதுவரை விலகி நின்ற முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்தார். இவரைக் குறையற்ற முதலாளியாகச் சித்திரிக்கும் நூல்கள் இதைச் சுருக்கமாகவே சொல்லிச் செல்கின்றன.

முதல் உலகப்போரில் வந்த ஆதாயத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள இவர் விரும்பவில்லை. நெக்கர் ஆற்றைக் கால்வாயாக்கும் திட்டம் உள்ளிட்ட பொதுப்பணிகளுக்குச் சுமார் 2 கோடி மார்க் வழங்கினார். போரின் காரணமாக அமெரிக்காவிலிருந்த இவரது நிறுவனம் பறிமுதல் செய்யப்பட்டது. 1921இல் மகன் ராபர்ட் நீண்டகால நோயால் மறைந்தார்.

டீசல் பம்பு

ருடால்ப் டீசல் 1897இல் தம் எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இவ்வகை எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று மிகுதியாக அழுத்தப்பட்டுச் சூடேறிய நொடியில் எண்ணெய் உள்ளே பீச்சப்பட வேண்டும்; அது தானே தீப்பற்றும். டீசலின் எஞ்சினில் எண்ணெயை உள்ளே தள்ளியது அழுத்தப்பட்ட காற்று. அதற்கெனத் தனியே பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது. ஆலையிலும் கப்பலிலும் அதற்கு இடமுண்டு, லாரியில் இல்லை. 1913இல் டீசல் மறைந்தபோது, அவரது எஞ்சின் சாலைக்கு வந்திருக்கவில்லை.

1923-24 காலத்தில் பென்சு, எம்.ஏ.என். முதலிய நிறுவனங்கள் காற்றழுத்தி இல்லாத டீசல் லாரிகளை உருவாக்கின. எண்ணெயை நேரடியாக அழுத்திப் பீச்சும் நம்பகமான பம்பு கிடைப்பதுதான் அவற்றின் பெருஞ்சிக்கல். டீசல் எஞ்சின் பரவினால் ஸ்பார்க் பிளக்குக்கும் மேக்னெட்டோவுக்கும் அங்கே வேலையில்லை. அதாவது போஷ் நிறுவனத்தின் பிழைப்புக்கே அது போட்டி. இதை உணர்ந்த போஷ், 1922 இறுதியிலேயே டீசல் பம்பு உருவாக்கும் முயற்சிக்கு ஒப்புதல் அளித்திருந்தார். அக்ரோ என்னும் நிறுவனத்தின் காப்புரிமைகளும் பிரான்சு லாங் என்ற பொறியாளரின் பணியும் இதில் துணைநின்றன. 1927இல் தொடர் உற்பத்தி தொடங்கியது.

இப்பம்பின் அமைப்பு வெளிப்பார்வைக்கு எளியது. எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று வீதம் உலக்கையும் உறையும் கொண்ட இணைகள் வரிசையாக நிற்கும். இவ்விணையை நம் ஊர் மெக்கானிக்குகள் எலிமெண்ட் என்பர். கீழே சுழலும் கேம் தண்டு உலக்கையை மேலே தள்ளும். உலக்கை நகரும் தொலைவு எப்போதும் மாறாதது. பீச்சப்படும் எண்ணெயின் அளவு மட்டும் மாற வேண்டும். இதற்காக உலக்கையின் பக்கவாட்டில் சாய்வான விளிம்பு வெட்டப்பட்டுள்ளது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பல்சட்டம் ஒன்று நகர்ந்து உலக்கையைச் சிறிது திருப்பும். சாய்விளிம்பு உறையிலுள்ள துளையை எட்டும்போது அழுத்தம் வடிந்து பீச்சல் நிற்கும். திருப்பும் அளவைப் பொறுத்து அது முன்னதாகவோ பின்னதாகவோ நிகழும். உலக்கையைத் திருப்புவதாலேயே எண்ணெயின் அளவு கட்டுப்படுகிறது என்பது இப்பம்பின் நுட்பம்.

கடினம் அளவுகளில் உள்ளது. நிமிடத்துக்கு 2000 சுற்று சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு 1000 முறை பீச்ச வேண்டும். ஒவ்வொரு பீச்சலும் இரண்டு மில்லி நொடி அளவில் முடிந்துவிடும். ஒருமுறை செல்லும் எண்ணெய் ஒரு சிறு துளி. அழுத்தமோ வளிமண்டலத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். இவ்வழுத்தத்தில் எண்ணெய் கசியாமலிருக்க வளையமோ ரப்பரோ கிடையாது. உலக்கைக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. எனவே ஒவ்வோர் உலக்கையும் அதற்கெனத் தேய்த்துப் பொருத்திய உறைக்கு மட்டுமே உரியது. பழுதுபார்க்கும்போது ஓர் இணையின் உலக்கையை மற்றதன் உறையில் மாற்றிப் போட்டால் பம்பு கெடும். இத்தகைய பொருளை ஆயிரக்கணக்கில் செய்தது, மேக்னெட்டோ செய்து பழகிய கைகளால் இயன்றது.

1936இல் வெளிவந்த மெர்சிடிசு 260 டி டீசல் காரிலும் போஷ் பம்பே இருந்தது.

பழுதும் காற்று நீக்கமும்

போஷ் 1921இலேயே ஹாம்பர்க்கில் முதல் போஷ் சேவை நிலையத்தை ஏற்படுத்தியிருந்தார். மின்கருவிகளுக்காகத் தொடங்கிய அம்முறை டீசல் பம்புக்கு இன்றியமையாததாயிற்று. ஏனெனில் பம்பு பற்றிய வேலைகள் இரு வகைப்படும்: வண்டிக்காரர் தம் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியவை, சோதனை மேசை இன்றிச் செய்யவே கூடாதவை.

டாங்கில் டீசல் முற்றும் தீர்ந்தாலோ வடிகட்டியை மாற்றினாலோ குழாய்களில் காற்று புகுந்துவிடும். எண்ணெய் ஏறத்தாழ அழுங்காதது. காற்று எளிதில் அழுங்கும். உலக்கை மேலேறினாலும் உள்ளிருக்கும் காற்றுக்குமிழி சுருங்கி விரியுமே தவிர, நாசில் திறக்காது. இதை நீக்குவதை மெக்கானிக்குகள் ஏர் எடுத்தல் என்பர். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்திவிட்டு, ஊட்டு பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அழுத்த வேண்டும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை முடுக்கிவிட்டு, பம்பின் மேலுள்ள திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். பின்பும் எஞ்சின் கிளம்பாவிடில் நாசில் குழாய்களின் மரைகளைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி, டீசல் வந்தபின் முடுக்குவர். நாசிலிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லக்கூடியது. அதன்முன் கையை நீட்டுவது பேராபத்து. சிறு காயம் போலத் தோன்றினாலும் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

பம்பைப் பிரிப்பது வேறு வேலை. ஆறு எலிமெண்டுகளும் சம அளவில் பீச்சுகின்றனவா என்பதை அளவுக்குழாய்கள் கொண்ட மேசையில் ஓட்டித்தான் அறிய முடியும். அளவு பிசகினால் புகையும் எண்ணெய்ச் செலவும் கூடும். பிஸ்டன் உருகவும் வாய்ப்புண்டு. கழற்றிய பம்பைத் திரும்பப் பொருத்தும்போது பற்சக்கரக் குறிகள் பொருந்தாவிட்டால் பீச்சும் நேரமே மாறிவிடும். உலக்கைக்கு டீசலே மசகு என்பதால், நீரும் தூசியும் கலந்த டீசல் புதிய எலிமெண்டையும் விரைவில் தேய்த்துவிடும். பம்பின் பெரும்பாலான பழுதுகளுக்கு வடிகட்டியைக் கவனியாமையே காரணம்.

நாசி ஆட்சிக் காலம்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது போஷுக்கு வயது 71. ஜெர்மனி, பிரான்சு நல்லுறவுக்காகப் பாடுபட்டுவந்த இவர், நாசிக் கட்சியின் கொள்கைகளை வெறுத்தார். இவரும் நிறுவனத் தலைவர் ஹான்சு வால்சும் யூதர் பலருக்கு வேலையும் பணமும் கொடுத்து, நாட்டைவிட்டுத் தப்பவும் உதவினர். ஹிட்லர் எதிர்ப்பாளரான கார்ல் கோர்டெலர் 1937 முதல் நிறுவனத்தின் ஆலோசகர் என்ற பெயரில் பயணம் செய்து எதிர்ப்புக் குழுவை வளர்த்தார். அவர் 1945இல் தூக்கிலிடப்பட்டார். வால்சுக்கு 1969இல் இசுரேலின் யாத் வாசெம் அமைப்பு உலக நாடுகளின் நேர்மையாளர் என்ற சிறப்பை வழங்கியது.

இதே காலத்தில் போஷ் ஆலைகள் படைத்துறைக்குத் தேவையான கருவிகளைச் செய்தன. படை லாரிகளின் டீசல் பம்புகள் மட்டுமின்றி, போர் விமான எஞ்சின்களின் பீச்சு பம்புகளும் இவற்றில் அடங்கும். போர் ஆண்டுகளில் நிறுவனத்தில் சுமார் 20,000 பேர் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். எதிர்ப்பாளர்களுக்கு அடைக்கலம் தந்ததும் கட்டாய உழைப்பால் இயங்கியதும் ஒரே நிறுவனம்தான். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க இயலாது.

1940இல் ஸ்டுட்கார்ட்டில் ஓமியோபதி மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். 1942 மார்ச் 12 அன்று காலமானார். இவர் வெறுத்த அதே அரசு இவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. இவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய தியோடோர் ஹாய்ஸ் பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். விருப்ப ஆவணத்தின் வழிகாட்டுதலின்படி, 1964இல் நிறுவனப் பங்குகளின் பெரும்பகுதி அறக்கட்டளையிடம் சென்றது.

இந்தியாவில்

1951இல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, சுருக்கமாக மைகோ, தொடங்கப்பட்டு, பெங்களூரில் ஸ்பார்க் பிளக்குகளையும் டீசல் பம்புகளையும் உற்பத்தி செய்தது. லாரி ஓட்டுநர்களிடையே மைகோ பம்பு என்ற சொல்லே நிலைத்தது. 2008இல் அந்நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என மாற்றப்பட்டது. சென்னையில் எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகளும், பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தின் வாகன மின்கருவிகளும் உற்பத்தியாயின. இவற்றைச் சார்ந்து, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் உதிரிபாகக் கடைகள் பெருகின. அடையாறு அருகே 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் அமைந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகம், ஜெர்மன் பட்டறைக் கருவிகளை இங்குள்ள மாணவர்களுக்கு அறிமுகம் செய்தது. அதே வளாகத்தில் 2017இல் தரவு அறிவியலுக்காக ராபர்ட் போஷ் பெயரில் ஆய்வு மையம் ஒன்று ஏற்பட்டது.

1997 முதல் கார்களில் காமன் ரெயில் முறை பரவியது. அதில் பீச்சும் நேரத்தையும் அளவையும் கணினி முடிவு செய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய லாரிகளில் சாய்விளிம்பு உலக்கைப் பம்புக்கு இடமில்லை. பழைய லாரிகள், டிராக்டர்கள், மின்னாக்கிகள் ஆகியவற்றில் அப்பம்புகள் தொடர்ந்து ஓடுகின்றன.