குழந்தைகளின் நீதிமன்றம்

போலந்து நாட்டின் வார்சா நகரில் குழந்தை மருத்துவராகவும் எழுத்தாளராகவும் புகழ்பெற்றிருந்தவர் யானுஷ் கோர்சாக். அவருடைய இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். எழுத்துக்காகச் சூட்டிக்கொண்ட புனைபெயரே நிலைத்துவிட்டது. மருந்து உடல்நோயைத் தீர்க்கலாம், வறுமையையும் புறக்கணிப்பையும் தீர்க்காது என்பதை மருத்துவமனைப் பணியில் அவர் கண்டுணர்ந்தார். 1912ஆம் ஆண்டில், குரோக்மால்னா தெருவில் ஆதரவற்ற யூதக் குழந்தைகளுக்காகக் கட்டப்பட்ட இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்குத் துணைநின்றார்.

நூறு குழந்தைகள் கூடி வாழும் இடத்தில் சண்டையும் திருட்டும் பொய்யும் இராமல் போகுமா? அக்காலப் பள்ளிகள் இவற்றிற்குக் கண்ட மருந்து பிரம்பு. தாம் சிறுவனாயிருந்தபோது உடன்பயின்ற மாணவன் ஒருவன் அடிபடக் கண்ட அச்சம் கோர்சாக்கை நெடுநாள் விட்டு நீங்கவில்லை. பிரம்பை ஒதுக்கிய அவர், குற்றத்தைக் கண்டும் காணாதவராய் இருந்துவிடவுமில்லை. குழந்தைகளே வழக்குத் தொடுத்து, குழந்தைகளே தீர்ப்பளிக்கும் நீதிமன்றம் ஒன்றை இல்லத்தில் நிறுவினார். அந்த வாரத்தில் எவ்வழக்கிலும் சிக்காத பிள்ளைகளிலிருந்து ஐந்து நடுவர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

அந்நீதிமன்றத்திற்கு அவர் எழுதிய சட்டம் வியப்பிற்குரியது. அதன் முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகளும் வழக்கைக் கைவிடுவதையும் மன்னிப்பதையுமே கூறுவன. அறியாமல் செய்தவன், வருந்துபவன், தூண்டப்பட்டவன் என ஒவ்வொருவரையும் மன்னிப்பதற்கு அவர் காரணம் தேடினார். நூறாம் பிரிவிலிருந்து எண்கள் நூறு நூறாகத் தாவிச் சென்று ஆயிரத்தில் முடிந்தன. செய்தது தவறு என்று அறிவிப்பது, இல்லத்தின் செய்தித்தாளில் பெயரை வெளியிடுவது, குடும்பத்தாருக்குத் தெரிவிப்பது எனக் கண்டனம் படிப்படியாகக் கடுமையாயிற்று. தொள்ளாயிரத்திற்கு உள்ளான பிள்ளை இல்லத்தில் நீடிக்க வேண்டுமானால், அவனுக்குப் பொறுப்பேற்க ஒருவர் முன்வர வேண்டும். ஆயிரமே வெளியேற்றம். அடியும் பட்டினியும் அச்சட்டத்தில் எங்குமே இல்லை.

தொடக்கத்தில் நீதிமன்றம் செவ்வனே நடந்துவிடவில்லை. அற்பக் காரணங்களுக்கெல்லாம் வழக்குகள் குவிந்தன. சிலர் நடுவர்களை எள்ளி நகையாடினர். மன்னிப்பதால் பயனில்லை என்று முணுமுணுத்தனர். கோர்சாக் நீதிமன்றத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார். பழைய தண்டனை முறைக்குத் திரும்ப அதுவே தக்க வாய்ப்பு, அவர் திரும்பவில்லை. தீர்ப்பில் நிறைவு காணாதோர் மறுவிசாரணை கோரலாம் என்றும், ஆசிரியர்கள் உள்ளிட்ட பெரியவர்கள்மீதும் குழந்தைகள் வழக்குத் தொடுக்கலாம் என்றும் புதிய விதிகளைச் சேர்த்து அதனை மீண்டும் தொடங்கினார்.

அவ்விதி வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அரையாண்டுக் காலத்தில் ஐந்து முறை அவர் தம்மைத் தாமே குழந்தைகளின் நீதிமன்றத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு சிறுவனின் காதைத் திருகியதும், ஒரு சிறுமிமீது திருட்டுப்பழி சுமத்தியதும், நடுவர் ஒருவரை அவமதித்ததும் அவ்வழக்குகளுள் அடங்கும். நகரெங்கும் அறியப்பட்ட மருத்துவர் சின்னஞ்சிறு நடுவர்களின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். புதிய ஆசிரியராகத் தம்மைச் செதுக்கியவை அவ்வழக்குகளே எனப் பின்னர் எழுதியும் வைத்தார்.

1940ஆம் ஆண்டில் நாஜிப் படையினர் வார்சாவின் யூதர்களை மதில் சூழ்ந்த சேரிக்குள் அடைத்தபோது, இல்லமும் அங்கே இடம்பெயர்ந்தது. பசிக்கும் நோய்க்கும் நடுவே வீடுவீடாகச் சென்று குழந்தைகளுக்காக உணவு இரந்தார் கோர்சாக். நண்பர்கள் அவரை மட்டும் தப்புவிக்க வழிதேடினர், அவர் இசையவில்லை. 1942 ஆகஸ்டில் திரெப்ளிங்கா கொலைமுகாமிற்கு இரயிலேற்றுவதற்காகக் குழந்தைகள் வரிசையில் நிறுத்தப்பட்டனர். ஏறத்தாழ இருநூறு பேர். அவர்களோடு கோர்சாக்கும் ஸ்டெபானியாவும் நடந்து சென்றனர்.