அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்

மதுரைக்குத் தெற்கே பரந்து கிடக்கும் கரிசற்காட்டில், கோடைக்கால நண்பகலிலே சூறைக்காற்றுச் சுழன்றெழுவதுண்டு. வெயிலாற் காய்ந்த நிலம் தன்மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகிறது. அதனோடு புழுதியும் சருகும் எழுகின்றன. நுண்பொருள்களை இயக்கும் ஆற்றல் வெப்பத்திற்கு உண்டு என்பதற்கு இது கண்கூடான சான்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களை வெப்பம் இயக்கும் திறத்தை அளந்து காட்டிய பேரறிஞர் ஒருவர் இத்தென்னாட்டிலேயே தோன்றினார். அவரே கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

இவர் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்க் கல்கத்தா சென்று, 1923இல் சர் சி. வி. இராமனின் ஆராய்ச்சித் துணைவரானார். திரவங்கள் பலவற்றைத் தூய்மை செய்து, அவற்றினூடே ஒளி சிதறும் வகையை இருவரும் ஆராய்ந்தனர். 1928இல் இராமன் விளைவு வெளிப்பட்டது. 1930இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணனோ டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை அயராது ஆராய்ந்து வந்தார். 1940இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1947இல் புதுதில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரை அடைந்தது. நிருவாகச் சுமையிடையிலும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. சில பொருள்களை மிகச் சூடாக்கினால், அவற்றினின்று எலெக்ட்ரான்கள் ஆவிபோல் வெளிப்படும். பழைய வானொலிப் பெட்டிகளின் வால்வுகள் இவ்வியல்பாலேயே இயங்கின. ஆயினும், மேற்பரப்பின் சிறு மாசும் அளவைப் பிழையாக்கியது. எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து கிருஷ்ணன் இதற்கு வழி கண்டார். உள்ளே குடைவுள்ள பென்சிற்கரிக் கூட்டைக் காற்றகற்றிய கலத்தில் வைத்துச் சூடாக்கினர். கூட்டினுள் எலெக்ட்ரான்கள் வாயுவைப் போல் நிறைந்தன. சுவரினின்று வெளிப்படுவனவும் சுவருக்குத் திரும்புவனவும் சமமாயின. ஆதலால் மேற்பரப்பின் குறை அவற்றின் அடர்த்தியை மாற்றவில்லை. சிறு துளை வழியே கசிந்த எலெக்ட்ரான்களின் மின்னோட்டத்தை அளந்து, 1952இல் முடிவை வெளியிட்டனர்.

கிருஷ்ணன் தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த பற்றுடையவர். அறிவியலைத் தமிழில் எழுதவும் இயலும் என்பதைத் தம் கட்டுரைகளால் காட்டினார். 1961ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், பணியிலிருக்கும்போதே மறைந்தார். இன்று அறிஞர்கள் திரவத்தில் ஒரு புள்ளியை ஒளியாற் சூடாக்கி, அங்கு எழும் ஓட்டத்தால் நுண்துகள்களைப் பிடித்து வேண்டிய இடத்திற்கு நகர்த்துகின்றனர். புழுதியைச் சுழற்றும் வெப்பத்தையும் அறிவு ஏவல் கொள்ளும். பரிசு வந்தாலும் வராவிடினும் உண்மையை நாடி உழைப்பதே அவ்வறிவைப் பெறும் வழி என்பதைக் கிருஷ்ணன் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.